தராசுக்காரர் தலையில் உட்கார்ந்த கொண்டலாத்தி

— சத்தியமாச் சொல்றேன், செயலாளரம்மா. இனிமே என் வாயிலேர்ந்து வர்ற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒரு கிராம் கூடாது, ஒரு கிராம் கொறையாது. காலம் பூரா கடைகடையா ஏறி எடைக்கல்லுக்கு முத்திரை போட்ட கை இது.

— கையை எறக்குங்க ஐயா. இதோட மூணாவது சத்தியம். எங்க பறவை பாக்கிறவங்க சங்கத்துக்குக் கையெழுத்தே போதும். இங்க போடுங்க.

— இங்கயா?

— அது மேஜை விரிப்பு. காகிதம் இந்தப் பக்கம்.

— பேனாவைக் குடுக்கிறவங்க வெளிச்சத்தையும் சேத்துக் குடுக்கணும். போட்டாச்சு. இதோ என் சாட்சி. சலூன்காரர். நடந்ததையெல்லாம் கிட்ட நின்னு பாத்தவர்.

— வணக்கம்மா. நான் ஒரு பொருளைக் குடுத்துட்டு ஓடிடுறேங்க. கடையில ஒருத்தருக்கு ஒரு கன்னம் மட்டும் சவரம் பண்ணி உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன்.

— சாட்சி சொல்ல வந்தவர் சங்கத்துக்கு எதுவும் குடுக்கக் கூடாது. லஞ்சமாயிடும்.

— சங்கத்துக்கு இல்லீங்க, தராசு சாருக்குத்தான்...

— எனக்கும் வேணாம்பா. சாட்சிகிட்டயே கை நீட்டிட்டான்னு என் சகலை ஊரெல்லாம் தண்டோரா போடுவான். பைக்குள்ளயே வெச்சுக்க.

— உக்காருங்க. கூப்பிடும்போது பேசலாம். ஐயா, இதுவரைக்கும் பாத்த பறவையையெல்லாம் எழுதுற உங்க ஆயுள் பட்டியல்ல கொண்டலாத்தியைச் சேர்க்கணும்னு மனு குடுத்திருக்கீங்க. இந்த ஊருக்குக் கொண்டலாத்தி வந்ததா சங்கத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை. எங்க பாத்தீங்க?

— என் தலையில.

— தலையில?

— உச்சந்தலையில. பாருங்க, நல்ல விசாலமான இடம். முடிங்கிற தொந்தரவு இல்லை. கொண்டலாத்தி தரையில மேயுற பறவைதானே? வெட்டவெளின்னு நெனச்சு எறங்கிடுச்சு.

— உங்க தலையில உக்காந்ததை நீங்க பாத்தீங்களா?

— உக்காந்துச்சுன்னு சொல்றேனே.

— உக்காந்தது வேற, பாத்தது வேற. "கண்ணால் கண்டால்தான் கணக்கு." சங்கத்தோட முதல் விதி. காதால கேட்டது, கையால தொட்டது, நாக்கால ருசிச்சது எதுவும் செல்லாது.

— நாக்கால வேறயா?

— ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டுக் காடை வறுவல் சாப்பிட்டுட்டுப் பட்டியல்ல சேர்த்துட்டார். அதுக்கப்புறம் எழுதின விதி.

— அது நியாயம். ஆனா அம்மா, பாக்கிறவன் கண்ணு ஏமாறலாம், எடை ஏமாத்தாது. அன்னைக்குக் காலையில தண்ணித்தொட்டிப் பூங்காவுல பெஞ்சுல உக்காந்திருக்கேன். மரத்துக்குள்ளேருந்து "ஊப் ஊப் ஊப்"னு ஒரு சத்தம். பைனாகுலரை எடுத்தேன். ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கண்ணுல வெச்சேன். வெச்ச நொடியில உச்சந்தலையில ஏதோ வந்து உக்காருது.

— அது கொண்டலாத்திதான்னு எப்படித் தெரிஞ்சுது?

— அறுபது கிராம். வேணும்னா ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன. மைனான்னா இன்னும் கனக்கும். குருவின்னா இருக்கிறதே தெரியாது. அப்புறம் அந்தப் பிடி இருக்கு பாருங்க, ரெண்டு காதுக்கும் மேல, இப்படி ரெண்டு பக்கமும் நீட்டமாக் கால் போட்டு இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு.

— கொண்டலாத்திக்குக் கால் அவ்வளவு நீளம் கெடையாதே.

— பயத்துல நீட்டியிருக்கும். புது எடம் இல்லையா?

— அம்மா, அந்தப் பிடியைப் பத்தித்தான் நான்...

— கூப்பிடும்போது, சலூன்காரரே. மேல சொல்லுங்க ஐயா.

— எனக்கும் உங்க முதல் விதி ஞாபகம் வந்துச்சு. தலையில கொண்டலாத்தி, கண்ணுல கெடையாது. இதைவிடக் கொடுமை ஒரு மனுஷனுக்கு வருமா? பட்டினி கெடக்கிறவன் தலையில சோத்துப் பானையை வெச்ச மாதிரி. சரி, எங்கயாவது ஒரு கண்ணாடி முன்னாடி போய் நின்னா பாத்துடலாம்னு எந்திரிச்சேன். தலை ஆடாம எந்திரிக்கணும். தராசு முள்ளு ஆடாம தட்டுல கல்லு வெக்கிறவனுக்கு அது ஒரு வேலையா?

— பூங்காவுல குளம் இருக்கே. தண்ணியில பாத்திருக்கலாம்.

— குனியணுமே! துணிக்கடை ஜன்னல்ல பாக்கலாம்னு போனேன். அதுக்கு முன்னாடி ஒரு பஸ் வந்து நின்னுக்கிச்சு. கண்டக்டர் "ஏறு ஏறு"ங்கிறான். "என்னால ஏற முடியாதுப்பா, மேல ஆள் ஏறியாச்சு"ன்னேன். டீக்கடையில ஒரு ஸ்பூனை வாங்கிப் பாத்தேன். அதுல என் மூக்குதான் தெரிஞ்சுது, அதுவும் தலைகீழா. நிறுத்தி வெச்சிருந்த ஒரு ஸ்கூட்டர் கண்ணாடியில நெத்தி வரைக்கும் வந்துச்சு. இன்னும் நாலு விரக்கடை மேல போனா கொண்டலாத்தி. அதுக்குள்ள ஸ்கூட்டர்காரன் வந்து வண்டியை எடுத்துட்டான். கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன்.

— ஸ்கூட்டர் கூடவா?

— அவன் மெதுவாத்தான் போனான். பயந்துட்டான் பாவம்.

— வழியில யாருமே உங்க தலையைப் பாக்கலையா?

— என் சம்சாரம் பாத்தா. எதிர்ல பையோட வர்றா. நின்னு ஏற இறங்கப் பாத்தா. "அது இருக்கவேண்டிய எடமா அது? எறக்குங்க முதல்ல"ன்னு கையை நீட்டுறா. "தொட்டே, இன்னையோட நமக்குள்ள ஒண்ணும் இல்லை"ன்னேன். "எப்படியோ போங்க"ன்னு போயிட்டா.

— அப்ப அவங்க சாட்சி சொல்லலாமே?

— சொல்ல மாட்டா. எதிர்க்கட்சியில இருக்கிறது அவ தங்கச்சி புருஷன். அக்காளும் தங்கச்சியும் ஒரே துணியில சட்டை தெச்சு எங்க ரெண்டு பேருக்கும் மாட்டிவிடுறவளுங்க. ஒருத்தன் பக்கம் பேசினா இன்னொருத்தி வீட்ல அடுப்பு எரியாது.

— சகலைகிட்டப் பேசி எவ்வளவு நாளாச்சு?

— அதுக்கும் கொண்டலாத்திக்கும் என்னம்மா சம்பந்தம்?

— மனுவுல நீங்களே எழுதியிருக்கீங்க, மாமனாரோட தொலைநோக்கி சம்பந்தமான அவசரம்னு.

— அதுவா. மாமனார் நல்ல மனுஷன். எங்க ரெண்டு பேரையும் பறவை பாக்கக் கூட்டிட்டுப் போய்க் கெடுத்ததே அவர்தான். அவருகிட்ட முக்காலி போட்டு நிறுத்துற பெரிய தொலைநோக்கி ஒண்ணு இருந்துச்சு. ஏரிக்கு அந்தப் பக்கம் கொக்கு கண்ணடிச்சா இந்தப் பக்கம் தெரியும். போறப்ப, "எந்த மாப்பிள்ளை பட்டியல் நீளமோ அவனுக்கு"ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டார். எண்ணிப் பாத்தா ரெண்டு பட்டியலும் ஒரே நீளம். அன்னையிலேருந்து தொலைநோக்கி அவன் வீட்ல. முக்காலி என் வீட்ல.

— முக்காலியை வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?

— தினம் காலையில மொட்டை மாடியில விரிச்சு வெச்சுட்டு மடக்கி வெச்சுடுவேன். அவன் அங்க தொலைநோக்கியைத் தோள்ல வெச்சுக்கிட்டுத் தள்ளாடுறானாம். ஒரு காகத்தைக்கூட முழுசாப் பாக்க முடியலையாம். நல்லா வேணும்.

— முன்னாடி ஒண்ணாத்தானே போவீங்க?

— போவோம். அப்ப எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். ஆளுக்கு ஒரு கண்ணு. கன்னத்தோட கன்னம் ஒட்டி நின்னு பாப்போம். எனக்கு இடது கண்ணு, அவனுக்கு வலது. அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? சலூனுக்கு வர்றேன்.

— வாங்க.

— நம்ம இவரு கடைக்கு ரெண்டு வாசல். ஒண்ணு தண்ணித்தொட்டித் தெருவுல, இன்னொண்ணு மார்க்கெட் பக்கம். நடுவுல மரத்தடுப்பு. அதுல ஆளுயரக் கண்ணாடி. நேரா உள்ள போனேன். தலையைத் திருப்பாம, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். அம்மா, பாத்துட்டேன்! என் தலை. தலைமேல கொண்டலாத்தி. கொண்டையை விசிறியா விரிச்சுக்கிட்டு, கறுப்பும் வெள்ளையுமா இறக்கையை மடிச்சுக்கிட்டு, ராஜா மாதிரி!

— அப்ப மூக்குக்கண்ணாடி போட்டிருந்தீங்களா?

— அது அன்னைக்குத்தான் எங்கயோ தொலைஞ்சுபோச்சு. பெரிய காரியம் நடக்கிறப்போ சின்னச் சாமான் தொலையுறது சகஜம்தானே. ஓரம் கொஞ்சம் பனிமூட்டமாத்தான் இருந்துச்சு. ஆனா கொண்டை கொண்டைதான்.

— அம்மா, அந்தச் சாமான்...

— சலூன்காரரே!

— சரிங்க. ஒரு கன்னம் காஞ்சுபோகும், அதாங்க.

— ஐயா, கண்ணாடியில பாத்தது பறவை இல்லை, பறவையோட படம். போன வருஷம் ஒருத்தர் டிவியில பெங்குவின் பாத்துட்டு மனு போட்டார். அதுக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும்.

— பெங்குவினும் இதுவும் ஒண்ணா? டிவி பெங்குவின் என்னைக்காவது அவர் தலைமேல நின்னுச்சா? அப்புறம் பைனாகுலர்ல மட்டும் என்ன இருக்கு? அதுவும் கண்ணாடிதானே?

— பைனாகுலருக்குள்ள நீங்க தெரிய மாட்டீங்களே.

— அதையும் சொல்லணும்னு நெனச்சேன். அந்தக் கண்ணாடியில தெரிஞ்ச என் முகம் இருக்கே, அதைப் பாத்து நானே அசந்துட்டேன். அப்படி ஒரு களை. கொஞ்சம் இளைச்சிருந்தேன். நடைப்பயிற்சி வேலை செய்யுதுன்னு நெனச்சேன். கண்ணுல ஒரு கனிவு. எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு. லேசாச் சிரிச்சேன். கண்ணாடியில அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமா வந்துச்சு.

— தாமதமாவா?

— பழைய கண்ணாடி, வேற ஒண்ணுமில்லை. ஆனா என்ன சிரிப்புங்கிறீங்க! நான் அப்படிச் சிரிச்சே ரொம்ப நாளாச்சு.

— அப்புறம்?

— தும்மல் வந்துடுச்சு. பவுடர் வாசனை. அடக்கிப் பாத்தேன், முடியலை. தும்மினேன். தலையில இருந்த கனம் சட்டுனு போயிடுச்சு. கண்ணைத் தொறந்து பாத்தா, கண்ணாடியில பறவையும் இல்லை, நானும் இல்லை.

— நீங்களுமா இல்லை?

— ஒரு நொடி செத்துகித்துப் போயிட்டோமோன்னு ஆயிடுச்சு. நாடி பாத்தேன், ஓடிச்சு. அப்புறம் யோசிச்சேன். தும்மின வேகத்துல நான் கண்ணாடியை விட்டு வெலகி நின்னிருப்பேன்.

— ஐயா, இப்ப நான் ஒண்ணு சொல்றேன். கோபப்படாமக் கேளுங்க. அதே நாள், அதே நேரம், அதே சலூன் கண்ணாடி. தன் தலைமேல கொண்டலாத்தி உக்காந்திருந்ததைப் பாத்ததா நேத்து இன்னொரு மனு வந்திருக்கு.

— யாரு?

— உங்க சகலை.

— அவனா? அவன் தலையிலயா? அம்மா, அந்தத் தலையை நீங்க கிட்டப் போய்ப் பாத்திருக்கீங்களா? மேடும் பள்ளமுமா, தார் போடாத ரோடு மாதிரி. அதுல எறங்கினா கொண்டலாத்திக்குக் கால் சுளுக்கும். மூஞ்சியாவது பரவாயில்லையான்னா, மழையில நனைஞ்ச கால்மிதி. என் கதையை எங்கயோ ஒட்டுக் கேட்டுட்டு எழுதியிருக்கான்!

— நீங்க யார்கிட்டயும் சொல்றதுக்கு முன்னாடியே அவர் எழுதிட்டார். மார்க்கெட் பக்க வாசல் வழியா வந்தாராம். வயக்காட்டுலேருந்தே பறவை தலையில இருந்துச்சாம். கடைக்குள்ள நீங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கலையா?

— அவன் மூஞ்சியைப் பாத்திருந்தா பறவை அப்பவே பறந்திருக்குமே. என்ன எழுதியிருக்கான், படிங்க.

— "கண்ணாடியில் என்னையும் பறவையையும் பார்த்தேன். கொண்டை தெரியவில்லை. இரண்டு இறக்கையிலும் வட்டமாக, பளபளவென்று ஒவ்வொரு பொட்டு. வெயில் பட்டு மின்னியது. சற்றுக் குண்டாகிவிட்டேன் என்று தோன்றியது."

— வட்டப் பொட்டா! கொண்டலாத்திக்கு ஏதும்மா பொட்டு? அதுவும் பளபளன்னு? மயிலைக் கனவுல பாத்துட்டு எழுதியிருக்கான். இதுலயே தெரியலையா யாரு பொய்யன்னு?

— ஒரே கண்ணாடியில ஒரே நேரத்துல ரெண்டு பேர் தனித்தனியாத் தெரிய முடியாது. யாரோ ஒருத்தர் சொல்றது தப்பு.

— நாலாவது சத்தியம் பண்றேன், எழுதிக்குங்க. அந்தக் கண்ணாடியில நான் பாத்தது என் முகம் இல்லேன்னா, என் கையாலயே முக்காலியைத் தூக்கிட்டுப் போய் அவன் வீட்ல வெச்சுட்டு வர்றேன். போதுமா?

— எழுதிக்கிட்டேன். சலூன்காரரே, இப்ப நீங்க பேசலாம்.

— நன்றிங்கம்மா. வந்ததுலேருந்து அதைத்தான் சொல்ல வர்றேன். அன்னைக்கு அங்க கண்ணாடியே இல்லீங்க.

— என்ன சொல்றீங்க?

— ரசம் போயிடுச்சுன்னு மொத நாளே கழட்டிப் பூசக் குடுத்துட்டேங்க. வெறும் மரச்சட்டம்தான் நின்னுச்சு. சார் இந்தப் பக்கம் வந்து நின்னாரு. அந்தப் பக்கம் அவரு சகலை வந்து நின்னாரு. ஒரே சட்டை. ஒரே மாதிரி வழுக்கை, ஒரே மாதிரி மீசை. ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஆடாம அசையாம ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அப்புறம் சிரிச்சுக்கிட்டாங்க. சமாதானம் ஆயிட்டாங்கபோலன்னு நெனச்சேன்.

— அப்பவே சொல்றதுக்கு என்னய்யா?

— கத்தி கையில இருக்கிறப்போ நான் வாயைத் தொறக்கிறதில்லீங்க. தொழில் அப்படி. சார் தும்மினதும் அவரு சகலை தலையில இருந்த பறவை விருட்டுன்னு மார்க்கெட் பக்கமாப் பறந்துச்சு. அவரும் பின்னாலயே ஓடிட்டாரு. கொண்டை வெச்ச பறவைதாங்க, கண்ணால பாத்தேன்.

— கேட்டீங்களா ஐயா?

— அந்தச் சிரிப்பு அவனோடதா?

— அப்படித்தான் தெரியுது.

— களையான முகம்னு சொன்னேனே.

— எழுதியிருக்கேன். கால்மிதின்னு சொன்னதையும் எழுதியிருக்கேன்.

— ரெண்டாவதை அடிச்சுடுங்க.

— அடிச்சாச்சு. ஆனா ஐயா, ஒண்ணு கவனிச்சீங்களா? கண்ணாடி இல்லேன்னா நீங்க பாத்தது படம் இல்லை. சகலை தலையில இருந்த கொண்டலாத்தியை நேருக்கு நேராக் கண்ணால பாத்திருக்கீங்க. முதல் விதிப்படி உங்களுக்குச் செல்லும்.

— செல்லுமா? ஆ! அப்ப அவனும் என் தலையில இருந்ததை நேராப் பாத்திருக்கான். அவனுக்கும் செல்லும். மறுபடியும் சமம்! சமமாவே இருந்துட்டுப் போகட்டும். நான் சத்தியம் பண்ணியிருக்கேன், முக்காலியை எடுத்துட்டு அவன் வீட்டுக்குப் போறேன். தொலைநோக்கியை அது மேல மாட்டி, ஆளுக்குக் கொஞ்ச நேரமாப் பாத்துக்கிறோம்.

— நல்ல முடிவு. ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. அவர் பாத்ததுல கொண்டை இல்லை. வட்டமாப் பளபளன்னு ரெண்டு பொட்டு இருக்கு. அப்ப உங்க தலையில இருந்தது கொண்டலாத்தி இல்லையா?

— அதானே! அறுபது கிராம், நீட்டக் கால், கொண்டை கெடையாது, மின்னுற பொட்டு. அம்மா, இது எந்தப் புத்தகத்துலயும் இல்லாத ஜாதி! உலகத்துலயே மொத தடவையா, என் தலையில! சங்கத்துல என் பேரையே அதுக்கு வெச்சுடுங்க. சலூன்காரரே, நீ கிட்ட நின்னு பாத்தியே, சொல்லுப்பா! அது என்ன பறவை?

— இந்தாங்க சார். தும்முறப்போ கீழ விழுந்துச்சு. எடுத்துத் தொடச்சு வெச்சிருக்கேன், உங்க மூக்குக்கண்ணாடி. உங்க தலைமேல இருந்தது இதுதாங்க.